பணியாளர்களோடு ஒரு நாள் தொண்டு

 

சில காலமாக நம் வியாபாரச் சகோதரர்களிடையே ஒரு நல்ல வழக்கம் தலையெடுத்திருக்கிறது. கடையிலும் கம்பெனியிலும் வேலை பார்ப்பவர்களை ஒரு நாள் ஒன்றாக அழைத்துக்கொண்டு, முதியோர் இல்லத்திற்கோ, அனாதைப் பிள்ளைகள் இருக்கும் விடுதிக்கோ, மழை வெள்ளம் புகுந்த ஊருக்கோ போய், அங்குள்ள தொண்டு நிறுவனத்தாருடன் சேர்ந்து உழைத்துவிட்டு வருவதுதான் அது. பெரிய கம்பெனிகள் இதை முன்பே செய்து வந்தன. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பெரும் லாபம் காணும் நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டுமென்று கட்டளையிட்ட பிறகு, இத்தகைய காரியங்களில் அவற்றுக்கு நாட்டம் இன்னும் கூடிற்று. அப்படி எந்தச் சட்டமும் கழுத்தைப் பிடிக்காத நம் ஜவுளிக்கடைக்காரரும் மளிகை மொத்த வியாபாரியும் தாமாகவே இதை நாடுகிறார்கள் என்றால் மகிழாதிருக்க முடியுமா? மாஷா அல்லாஹ்!

ஆயினும், “என்றைக்குப் போவதாக உத்தேசம்?” என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான். “ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் கடை அடைப்பு. வியாபாரம் கெடாது.”

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை யாருடையது? கடைப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை உண்டென்று 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் கூறுகிறது. சட்டத்தை விடுங்கள். ஆறு நாளும் காலை முதல் இரவு வரை கடையில் நின்றவனுக்கு அந்த ஒரு நாள்தான் உண்டு. அன்றுதான் பிள்ளையின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறான். தாயாரை டாக்டரிடம் அழைத்துப் போவதும், சகோதரி வீட்டுக்குப் போய் வருவதும் அன்றுதான். வாரமெல்லாம் மனைவி அவனிடம் சொல்லாமல் சேர்த்து வைத்த விஷயங்களுக்கும் அந்த நாள்தான். அதை எடுத்து முதலாளி தர்மம் செய்கிறார்! அடுத்த வீட்டு ஆட்டைப் பிடித்து அறுத்துவிட்டு, “குர்பானி கொடுத்துவிட்டேன்” என்பதைப் போலல்லவா இருக்கிறது இது?

ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் தம் சகோதரராக்கப்பட்ட அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லத்திற்குச் சென்ற வரலாறு நாம் அறிந்ததே. வீட்டுக்காரி தம்மைப் பேணாது வாடியிருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். கணவருக்கு உலகப் பற்றே இல்லை, பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று தெரிந்தது. ஸல்மான் (ரலி) அவரை உண்ண வைத்தார்கள், உறங்க வைத்தார்கள், பின்னிரவில் எழுப்பிச் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கு உம்மீது உரிமை உண்டு, உம் உடலுக்கு உரிமை உண்டு, உம் குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு, உரியவர்க்கு உரியதைக் கொடும் என்ற கருத்தில் அறிவுரை கூறினார்கள். செய்தி நாயகம் (ஸல்) அவர்களை எட்டியபோது, ஸல்மான் சொன்னது உண்மையே என்று அன்னவர்கள் ஒப்புக்கொண்டார்கள். வணக்கத்தின் பெயராலேயே வீட்டாரின் பங்கை எடுக்கக் கூடாதென்றால், நாம் ஏற்பாடு செய்யும் ஒரு தொண்டின் பெயரால் எடுக்கலாமா?

“நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, கேட்டுத்தான் அழைத்துப் போகிறோம்” என்று சகோதரர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் சம்பளம் கொடுக்கும் கை கேட்கும்போது, “சரிங்க பாய்” என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்? அந்தச் “சரி”யை நாம் சம்மதமென்று கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

ஆகவே, நம் யோசனை இது. தொண்டு நாளை வேலை நாளில் வையுங்கள். கடையைச் சாத்துங்கள். அன்றைய சம்பளத்தை முழுமையாகக் கொடுங்கள். அன்று நின்றுபோன வியாபாரம் இருக்கிறதே, அதுதான் முதலாளியின் ஸதகா. பணியாளனின் மனமும் உடலும் உழைத்தது அவனுடைய நன்மை. இரண்டும் தனித்தனியே இறைவனிடம் எழுதப்படும். ஒன்று மற்றொன்றை விழுங்காது. ஒரு நாள் முழுக்க அடைக்க இயலாத சிறு கடையென்றால், பாதிப் பேர் இந்த வாரம், பாதிப் பேர் அடுத்த வாரம் என்று இரண்டு அணியாகப் போகலாம். இன்னொன்று: அன்றைய சம்பளத்தை ஜகாத் கணக்கில் எழுதிவிட வேண்டாம். சம்பளம் வேலைக்கான கடன். ஜகாத் உரியவர்க்கு ஈடு எதிர்பாராமல் கொடுத்துத் தீர வேண்டிய கடமை. கடனைக் காட்டிக் கடமையைக் கழிக்க முடியாது.

வர இயலாதவர்களை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம்! காரணம் கேட்கவும் வேண்டாம். போனஸ் நேரத்தில் நினைவு வைத்திருக்கவும் வேண்டாம். அவர்கள் கடையில் இருந்து கணக்கையோ சரக்கையோ பார்த்துக்கொள்ளட்டும். பொதுக் காரியம் நடக்கும்போது தம் அலுவலுக்காக விடை கேட்கும் மூமின்களில் நாடியவருக்கு அனுமதி தரும்படி நபியவர்களுக்கே அல்லாஹ் அறிவித்தான். அதோடு அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடும்படியும் பணித்தான் (24:62). அகழ் வெட்டிய நாட்களை ஒட்டி அருளப்பட்ட வசனம் இது என்று விரிவுரையாளர்கள் சொல்வர். பகைவர் படை ஊரை நெருங்கிய வேளையிலும் விடை கேட்க வழியிருந்தது!

அகழ் என்றதும் நினைவு வருகிறது. ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு (கி.பி. 627) மதீனாவைக் காக்க வெட்டப்பட்ட அந்த அகழைவிட, பலர் கூடிச் செய்யும் வேலைக்கு நல்ல பாடம் வேறெங்கே கிடைக்கும்? அரபு மண்ணுக்கு அது புதிய முறை. யோசனை சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த அதே ஸல்மான் (ரலி). அவருக்குத் தெரிந்த வேலை, ஆகவே அவர் சொல் கேட்கப்பட்டது. பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று வேலை அளந்து பிரித்துக் கொடுக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். எவன் எங்கே நிற்பதென்று தெரியாமல் கூட்டமாக நின்று பொழுது போக்கவில்லை. தலைவர் அவர்களோ கூடாரத்தில் அமர்ந்து மேற்பார்வை பார்க்கவில்லை. மண் சுமந்து சுமந்து அன்னவர்களின் திருவயிறு புழுதியால் மூடிப்போயிருந்ததைக் கண்ணால் கண்ட தோழர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு ஸாஉ வாற்கோதுமையும் வைத்துக்கொண்டு இரகசியமாக விருந்துக்கு அழைத்தபோது, அகழில் உழைத்த அத்தனை பேரையும் சேர்த்தல்லவா நாயகம் (ஸல்) அவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள்? அல்லாஹ்வின் பரக்கத்தால் அனைவரும் வயிறார உண்டார்கள்.

நம் முதலாளிமார்களும் அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நிற்க வேண்டும். காரில் வந்து இறங்கி, பத்து நிமிடம் சுற்றிப் பார்த்து, ஒரு பழக்கூடையைக் கொடுத்துவிட்டு, “முக்கியமான ஜோலி இருக்கிறது” என்று புறப்படுவதாயிருந்தால் பணியாளர்களையும் அழைத்துப் போக வேண்டாம். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையே அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், தாங்காத வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்பதன்றோ அபூதர் (ரலி) அவர்கள் வழியாக நமக்கு வந்த நபிமொழியின் கருத்து?

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தொண்டுக்குப் புறப்படும் முன் கடைக்குள் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். சென்ற மாதச் சம்பளத்தில் பாக்கி உண்டா? நாளெல்லாம் நின்று துணி விரித்துக் காட்டும் அந்தப் பெண்பிள்ளைக்கு உட்கார ஒரு முக்காலி உண்டா? கடைகளில் பணி செய்வோருக்கு இருக்கை தர வேண்டுமென்று 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது. சட்டம் வந்துதானா நமக்கு இது தோன்ற வேண்டும்? கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்தல்லவா நாம்! வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்திருக்கிறான். கடைக்குள் ஒருவனை வருத்தி வைத்துவிட்டு, அவனையே கூட்டிக்கொண்டு ஊராரின் வருத்தத்தைத் தீர்க்கப் போவது எந்தக் கணக்கில் சேரும்?

சரி, நாள் குறித்தாயிற்று. இனி, போகுமிடத்தில் என்ன செய்வது? இதில்தான் மிகுதியான நல்லெண்ணம் வீணாகிறது.

நபி மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரத்துத் தண்ணீர்த் துறைக்கு வந்த காட்சியைத் திருமறை வருணிக்கிறது (28:23,24). ஊரைவிட்டு ஓடி வந்த களைப்பு. கையில் காசில்லை. ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும் இரு பெண்களைக் காண்கிறார்கள். உடனே பாய்ந்து உதவி செய்துவிடவில்லை. உங்கள் சங்கதி என்னவென்று முதலில் கேட்கிறார்கள். இடையர்கள் போகும்வரை தங்களால் தண்ணீர் காட்ட முடியாதென்றும், தந்தை வயது முதிர்ந்தவரென்றும் அப்பெண்கள் சொன்ன பிறகே ஆடுகளுக்கு நீர் புகட்டுகிறார்கள். புகட்டியதும் நிழலுக்கு ஒதுங்கி, தம் தேவையை இறைவனிடம் மட்டும் முறையிடுகிறார்கள். நன்றிக்காக அங்கே நின்றுகொண்டிருக்கவில்லை. அன்றைக்கு அந்த ஆடுகளுக்கு வேண்டியது தண்ணீர். கேட்டதால் அது தெரிந்தது.

கேட்காமல் கொடுத்தால் என்ன நேரும் என்பதை நம் கடற்கரையே பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி அடித்த பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கிற்று. அனுப்பியவர்கள் நல்ல மனத்தோடுதான் அனுப்பினார்கள். வாங்குவாரின்றி அவை சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. வீட்டையும் மக்களையும் பறிகொடுத்தாலும் மானத்தைப் பறிகொடுக்காதவர்கள் அவர்கள். பிறர் உடுத்திக் கழித்ததை அவர்களால் உடுத்த முடியவில்லை. பிறகு அந்தக் குவியலை அப்புறப்படுத்துவதே ஒரு வேலையாயிற்று.

முதியோர் இல்லங்களில் இன்றும் இதே கதையைக் காணலாம். பிறந்த நாள், கல்யாண நாள் என்று மதியச் சாப்பாடு போட ஆள் வருகிறார்கள். ஒரே நாளில் இரண்டு பிரியாணி வந்து, இரவில் கஞ்சி கிடைக்காத பெரியவர்களும் உண்டு. ஆனால் மாடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆளில்லை. ஒழுகும் குழாய்க்கு வாஷர் போட ஆளில்லை. கிழிந்த கொசுவலையைத் தைக்கவும், நீண்டு வளர்ந்த நகத்தை வெட்டிவிடவும், சொன்ன கதையையே மூன்றாம் முறை சொல்லும்போது பொறுமையாகக் கேட்கவும் ஆளில்லை. எனவே, பத்து நாட்களுக்கு முன்பே இரண்டு பேர் மட்டும் சென்று இல்லத்தின் பொறுப்பாளரைப் பாருங்கள். “எங்களால் என்ன செய்ய முடியும்?” என்று கேட்டால் மரியாதைக்காக “எதுவானாலும் சரி” என்பார். “கை போதாமல் எந்த வேலை தேங்கிக் கிடக்கிறது?” என்று கேளுங்கள், உண்மை வரும். எத்தனை பேர் வரலாம் என்பதையும் அவரே சொல்லட்டும். பன்னிரண்டு முதியவர்கள் இருக்கும் வீட்டில் முப்பது பேர் புகுந்தால், அவர்களுக்குத் தேநீர் போடுவதே அந்த வீட்டாருக்குப் பெரும்பாடாகிவிடும்.

பிறகு வேலையை ஆளறிந்து பிரியுங்கள். ஜவுளிக்கடைத் தையல்காரர் தம் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தால், ஒரே பகலில் எத்தனை சட்டைக்குப் பொத்தான், எத்தனை போர்வைக்கு ஓரம்! மளிகைக்கடைப் பையன்கள் சரக்கறையில் நுழைந்தால், வண்டு பிடித்த அரிசியைப் புடைத்து, பழையது முன்னும் புதியது பின்னுமாக மூட்டைகளை அடுக்கிக் கொடுத்துவிடுவார்கள். கணக்கர் அந்த இல்லத்தின் ரசீதுகளை ஒழுங்குபடுத்தட்டும். தொட்டி கழுவுவது தாழ்ந்த வேலையென்று யாரேனும் முகம் சுளித்தால், நபியவர்களின் பள்ளியைப் பெருக்கி வந்த அந்தக் கறுப்புப் பெண்மணியை நினைவூட்டுங்கள். அவர் இறந்ததை அற்பமாக எண்ணித் தோழர்கள் தெரிவிக்காதிருக்க, நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தறிந்து, அவரது கபுரைக் காட்டச் சொல்லி அங்கே சென்று தொழுகை நடத்தினார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. “வீட்டில் சொல்லி நாற்பது பேருக்குச் சமைத்துக் கொண்டுவரச் சொல்கிறேன்” என்று முதல் நாள் இரவு பத்து மணிக்கு அறிவிக்கும் முதலாளிமார்கள் நம்மிடையே உண்டு. இதைப் படிக்கும் தாய்மார்கள் இப்போது சிரிப்பார்கள்! தர்மம் ஒருவருக்கு, இடுப்பு வலி இன்னொருவருக்கா? சமையலாளுக்குக் காசு கொடுத்து ஏற்பாடு செய்யுங்கள். வண்டிச் செலவும் உங்களுடையதே.

நம் கடைகளில் இந்துச் சகோதரர்களும் கிறிஸ்தவச் சகோதரர்களும் வேலை பார்க்கிறார்கள். அவர்களையும் ஒன்றுபோல அழையுங்கள்; உணவில் அவர்களுக்கு ஆகாதது இருக்க வேண்டாம். போகும் நிறுவனமும் முஸ்லிம்களுடையதாகத்தான் இருக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். நபித்துவத்திற்கு முன்பு மக்காவில் நடந்த ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையைச் சிந்தித்துப் பாருங்கள். எமனிலிருந்து வந்த ஒரு வியாபாரி சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணம் கிடைக்காமல் நின்றான். அநீதி இழைக்கப்பட்டவன் எவனானாலும் அவன் பக்கம் நிற்போம் என்று குறைஷிக் குலத்தார் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடி ஒப்பந்தம் செய்தனர். இளைஞரான நாயகம் (ஸல்) அவர்கள் அதில் பங்கு கொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்பும் அத்தகையதற்கு அழைக்கப்பட்டால் இணங்குவேன் என்று பிற்காலத்தில் கூறினார்கள். நன்மையான காரியத்தில் நல்லோர் எவருடனும் தோள் சேர்க்கத் தடையில்லை. அங்கே போய்ப் பிரசங்கம் மட்டும் வேண்டாம். படுக்கையில் கிடக்கும் முதியவர் எழுந்து போக முடியாதவர். அவரிடம் பேசிக்கொண்டே இருப்பது நியாயமாகாது.

பிள்ளைகள் இருக்கும் விடுதிக்குப் போவதாயிருந்தால் இன்னும் கவனம் தேவை. 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி அத்தகைய இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், அதை விசாரித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பில் இருக்கும் பிள்ளைகளின் படத்தையோ பெயரையோ பத்திரிகை முதலியவற்றில் வெளியிடவும் அதே சட்டம் தடை விதிக்கிறது. எனவே செல்போனைப் பைக்குள் வையுங்கள். தகப்பனை இழந்த பிள்ளை கையில் தட்டை ஏந்தி நிற்பதைப் படமெடுத்து, கடைப் பெயர் போட்ட பேனரோடு ஊருக்கெல்லாம் அனுப்பினால், நாளை அதே பிள்ளை பள்ளிக்கூடத்தில் எப்படித் தலை நிமிரும்? தர்மத்தைச் சொல்லிக் காட்டியும் நோவினை செய்தும் பாழாக்கிவிடாதீர்கள் என்று திருமறை எச்சரிப்பது நம்மைத்தான் (2:264). ஒரு நாள் வந்து கொஞ்சிக் குலாவிவிட்டு மறைந்து போகும் அந்நியர்களால் அப்பிள்ளைகளுக்கு ஏக்கமே மிஞ்சுகிறது என்பதும் நம் எண்ணம். விளையாட்டுக் காட்டுவதைவிடச் சமையற்கட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுப்பது மேல்.

வெள்ளக் காலத்துப் பணி வேறு வகை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பள்ளிவாசல்கள் எல்லா மதத்தாருக்கும் திறந்து விடப்பட்டதை நாடே கண்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தென்மாவட்டங்கள் தத்தளித்ததையும் மறக்க முடியாது. அத்தகைய இடங்களுக்குச் சேறு அள்ளப் போகிறவர்கள் வெறுங்காலுடன் இறங்கலாகாது. தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் தொற்றும். காலுக்கு ரப்பர் பூட்ஸும் கைக்கு உறையும் முதலாளி வாங்கித் தர வேண்டும். காலில் புண் உள்ளவனைச் சேற்றில் இறக்காமல் மேலே நிற்கும் வேலைக்கு வையுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் யாரையும் இறக்கவே கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. அந்த விஷவாயு எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கிறது. ஆர்வக்கோளாறில் ஒரு தாயின் பிள்ளையை இழந்துவிட்டு “தொண்டு செய்தோம்” என்று சொல்ல முடியாது.

ஜும்ஆ நாளும் நோன்பு மாதமும் இதற்கு ஏற்றவையல்ல. லுஹருக்கும் அஸருக்கும் தொழ இடம் எங்கே என்று முன்பே பார்த்து வையுங்கள். பெண் பணியாளர்கள் இருந்தால் அவர்களுக்குத் தனி வண்டியும், மஃக்ரிபுக்கு முன் வீடு சேர வழியும் வேண்டும்.

நற்செயல்களில் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது, குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதால், அந்த ஒரு நாளோடு கதவைச் சாத்திவிட வேண்டாம். புறப்படும் முன் பொறுப்பாளரிடம் மறுபடியும் ஒரு முறை கேளுங்கள்: எந்த வேலை மீதியிருக்கிறது? மாதத்தில் ஒரு பகல் தையல்காரரையோ குழாய் வேலை தெரிந்தவரையோ சம்பளத்தோடு அனுப்பி வைப்பது எந்தக் கடைக்கும் பெரும் சுமையல்ல. அடுத்த தேதியை அங்கேயே குறித்துக் கொடுத்துவிடுங்கள். அன்று மாலை, களைத்துப்போன பணியாளர்களைக் கடை வாசலில் இறக்கிவிட்டு மறுபடியும் ஷட்டரைத் தூக்கச் சொல்லாமல், அவரவர் தெருமுனை வரை வண்டியில் கொண்டு போய் விடச் சொல்லுங்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பதில் பத்தரைக்கு வந்தால் போதும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால், வீட்டிலிருப்பவர்கள் அடுப்பை அதற்கேற்றபடி பற்ற வைத்துக்கொள்வார்கள்.